இருபதாவது பெயர்

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. தபால்காரர் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்து தந்தார். இன்லண்டு தாளில் ஐந்தே வரி. சித்திக்கு வணக்கம், நலம், நலமறிய ஆவல். பெண் வீட்டில் ஜாதகமும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் கேட்டார்கள், இரண்டுக்கும் ஒரு வயது வித்தியாசம் இருக்கிறது, பெண்ணின் அப்பா வாத்தியார் ஆகையால் அதை உடனே பிடித்துவிட்டார், எது சரி என்று மறு தபாலில் எழுதவும். மறு தபாலில் எழுதியிருக்கலாம். ‘ஜாதகம்தான் சரி’ என்று இரண்டே வார்த்தை. அப்படி எழுதி, கவரில் போட்டு, ஒட்டியும் விட்டேன். பிறகு பிரித்துவிட்டேன். இதுவரை உனக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் உன் பெயரும் ஆசீர்வாதமும் போட்டுத் தொடங்கினேன். இன்று உன்னை எப்படி அழைத்துத் தொடங்குவது என்று தெரியவில்லை. அதனால் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

நீ கேட்டது ஒரு வயதைப் பற்றி மட்டும் அல்ல என்று எனக்குத் தெரியும். உன் அத்தை உன்னிடம் சொன்னதும் தெரியும். எட்டாவது படிக்கும்போது பூப்புனித நீராட்டுக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தாயே, அப்போது அடுக்களையில் நான் இருப்பது தெரிந்தேதான் அவர்கள் முற்றத்தில் உட்கார்ந்து பேசினார்கள். “பச்சப் புள்ளய பள்ளிக்கூடத்துல தள்ளிட்டு இவ நிம்மதியா இருந்தால்லா? பெத்தவளா இருந்தா மனசு வருமா? சம்பளம் வேணும், வேறென்ன” என்றார்கள். பந்தியில் என் பக்கத்தில் இடம் இருந்தும் தள்ளிப்போய் உட்கார்ந்தாய். அன்றைக்கே நான் உன்னைக் கூப்பிட்டு வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். அத்தை சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அதனால் வாய் வரவில்லை.

உன் அப்பாவுக்கு என்னைக் கட்டிக்கொடுத்தபோது எனக்குப் பதினெட்டு வயது. எட்டாவது முடித்து, இரண்டு வருடம் வாத்தியார் பயிற்சியும் முடித்திருந்தேன். உனக்கு மூன்று முடிந்து நான்கு நடந்தது. உன்னைப் பெற்றவள் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அப்பா புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடையில் இருந்தார். திங்கட்கிழமை காலையில் போனால் சனிக்கிழமை மாலைதான் வருவார். இடையில் நீயும் நானும் மட்டும். உனக்கு என்னிடம் பேச்சு இல்லை. எனக்கு உன்னிடம் என்ன பேசுவது என்று தெரியாது. தென்காசி வாசகசாலையிலிருந்து அப்பா எடுத்துவரும் புத்தகங்களைப் படிப்பேன். இரண்டு புத்தகம் புதன்கிழமைக்குள் தீர்ந்துவிடும். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் எப்படிப் போகும் என்று எனக்குத்தான் தெரியும். ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது ஊருக்காக மட்டும் அல்ல. என் வியாழக்கிழமைகளுக்காகவும்தான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஐந்தருவிக்குப் போகும் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே வந்தால் நம் ஊர். அதற்கு ஓராசிரியர் பள்ளி தருவதாக அப்போது பேச்சு வந்தது. களத்து ஓரத்தில் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. வாத்தியாருக்கு நான் இருந்தேன். ஐந்து வயது நிரம்பிய பிள்ளைகள் இருபது பேர் பெயர் கொடுத்தால் பள்ளி உண்டு, குறைந்தால் பக்கத்து ஊருக்குப் போய்விடும் என்று எங்களுக்குச் சொன்னார்கள். நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனேன். நாலு நாள் அலைந்தேன். எங்கே போனாலும் ஒரே கேள்விதான் கேட்டேன்.

பீடி சுற்றும் தெருவில் சுடலைமுத்து என்று ஒருவர். வாசலில் தட்டை மடியில் வைத்து இலை நறுக்கிக்கொண்டிருந்தார். “பள்ளிக்கூடத்துக்குப் போற வயசுல பிள்ளை எத்தன அண்ணாச்சி?” என்று கேட்டேன். “ஒருத்தந்தான். அவனும் மாட்டுக்குப் போறான்” என்றார். “மாட்டை வேற யாரும் பாக்கக் கூடாதா?” என்றேன். “நீங்க வந்து பாருங்களேன் டீச்சர், அவன் படிக்கட்டும்” என்றார். அந்தத் தெரு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, ஒருத்தன் என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கே இரண்டு. அதற்கடுத்த வீட்டில் யாரும் இல்லை. நாலாம் நாள் கூட்டிப் பார்த்தபோது பத்தொன்பது.

ஆய்வுக்கு அதிகாரி வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்குமா, தெரியவில்லை. நம் பள்ளிக்கு எந்த அதிகாரி வந்தாலும் சாரல் காலத்தில்தான் வருவார். ஜீப்பின் பின்னால் துண்டும் எண்ணெய்க் கிண்ணமும் இருக்கும். அன்றைக்கும் இருந்தது. கொட்டகைக்குள் தூற்றல் அடித்தது. பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்திருந்தேன். பிறந்த தேதி எந்த வீட்டிலும் கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று அர்த்தம். அதுதான் அப்போது எல்லா ஊரிலும் கணக்கு. பத்தொன்பது பேரும் தொட்டார்கள். இருபதாவதாக நீ நின்றாய். உனக்கு நாலரை வயது. நான் தைத்துக்கொடுத்த நீலச் சட்டை போட்டிருந்தாய். முந்தின பத்து நாளும் நீ காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று கையை நீட்டி நீட்டிப் பார்த்தாய். அது உனக்கு ஒரு விளையாட்டாக இருந்தது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து விளையாடிய முதல் விளையாட்டும் அதுதான். கை உச்சந்தலையைத் தாண்டும், காதுக்கு இரண்டு விரல் இடம் மிச்சம் இருக்கும்.

அன்றைக்கும் அந்த இரண்டு விரல் இடம் இருந்தது. அதிகாரி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உன் பின்னால் நின்று, உன் தலையை வலது பக்கமாகக் கொஞ்சம் சாய்த்தேன். உன் விரல் காதில் பட்டது. நீ திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாய். “இது யார் பையன்?” என்று அதிகாரி கேட்டார். என் மகன் என்றால் சொந்தப் பிள்ளையைச் சேர்த்துக் கணக்குக் காட்டுகிறாள் என்று நினைப்பாரோ என்று பயம். “எங்க வீட்டுப் பையன் சார்” என்றேன். உன் சிரிப்பு நின்றது. நாலரை வயதுப் பிள்ளைக்கு அந்த வார்த்தை என்ன புரிந்திருக்கும் என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். புரிந்துதான் இருந்தது. அதிகாரி அருவிக்குக் குளிக்கப் போனார். நான் சேர்க்கைப் பதிவேட்டில் உன் பிறந்த வருடத்துக்கு ஒரு வருடம் முன்னால் எழுதினேன். அப்பாவிடம் கேட்டேனா என்றால், கேட்டேன். “ஒரு வருசந்தானே, இதுல என்ன போச்சு” என்றார். எலுமிச்சையில் சின்னக் காயையும் பெரிய காயோடு சேர்த்து மூட்டை கட்டுவதைத் தினமும் பார்க்கிறவர் அவர்.

அதில் என்ன போனது என்று உனக்குத்தான் தெரியும். வகுப்பில் எல்லாரையும் விட நீ சின்னவன். மத்தியானம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாய். டீச்சர் வீட்டுப் பிள்ளைக்குச் சலுகை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, மற்றவர்களை ஒரு அடி அடித்தால் உன்னை இரண்டு அடித்தேன். பள்ளியில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவைத்தேன். நீ வீட்டிலும் அப்படியே கூப்பிடத் தொடங்கினாய். “டீச்சர், பசிக்கி.” இரண்டு வருடம் அப்படிக் கூப்பிட்டாய். நான் திருத்தவில்லை. சித்தி என்பதை விட அது பரவாயில்லை என்று இருந்தது எனக்கு. தென்காசியில் உயர்நிலைப் பள்ளிக்குப் போனபோது பெரிய பையன்கள் உன் பையைப் பிடுங்கிக் குளத்தில் போட்டார்கள். கணக்கில் பின்தங்கினாய். ஒரு வருடம் பொறுத்துச் சேர்த்திருந்தால் உனக்கு எல்லாம் வந்திருக்கும், புத்தி குறைவில்லை, வயதுதான் குறைவு என்று உன் கணக்கு வாத்தியார் என்னிடம் சொன்னார். தான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

இதை விடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. அது எனக்கே பத்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அறுபத்தொன்றில் குடிக்கணக்கு எடுத்தார்களே, வாத்தியார்களைத்தான் அந்த வேலைக்குப் போட்டார்கள். அப்பா இறந்து ஒரு வருடம் முடியவில்லை. நான் அதே தெருக்களுக்கு மறுபடி போனேன். இந்த முறை கேள்வியை நான் முடிவு செய்யவில்லை. ஆளுக்கு ஒரு சீட்டு. வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் பெயர், ஆணா பெண்ணா, வயது, எழுத்தறிவு, தொழில் என்று கேட்டு எழுத வேண்டும். சுடலைமுத்து வீட்டில் அவர் இல்லை, இறந்துவிட்டார். அவருடைய மகள் பிச்சம்மாள் கைக்குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். வயது பதினேழு இருக்கும் என்றாள். அவளுக்குக் கீழே இரண்டு தங்கைகள். நான் எழுதிக்கொண்டே வந்து நிறுத்தினேன். பதினேழு என்றால் அன்றைக்கு அவளுக்கு ஏழு.

“உங்க அப்பாட்ட நான் பள்ளிக்கூடத்துக்குப் பேர் கேட்டு வந்தேனே, ஒரு பிள்ளைதான்னு சொன்னாவளே” என்றேன். “ஆமா, அண்ணன் ஒருத்தந்தானே” என்றாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்: “அன்னைக்கி நீங்க வந்தப்ப நான் கதவுக்குப் பொறத்தால நின்னுட்டுத்தான் இருந்தேன் டீச்சர். நீங்க வெள்ளப் பூப்போட்ட சீல கட்டியிருந்திய.” “கேட்டிருந்தா வந்திருப்பியாட்டி?” என்றேன். கோபம் எதுவும் இல்லாமல், ஊரில் மழை இல்லை என்று சொல்வது போலச் சொன்னாள். “நீங்க கேக்கலியே.”

அந்தத் தெருவை முடித்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் இருபதுக்கு அலைந்த அந்த வருடம், அந்த ஒரு தெருவில் மட்டும் பள்ளி வயதில் எட்டுப் பெண்கள் இருந்திருக்கிறார்கள். பிள்ளை எத்தனை என்று கேட்டால் நம் பக்கத்தில் ஆண்பிள்ளையைத்தான் சொல்வார்கள். இது எனக்குத் தெரியாதா? நானே ஒரு பெண். படித்த பெண். என்னைப் பற்றிக் கேட்டாலும் என் அப்பா இரண்டு பிள்ளை என்றுதான் சொல்வார், அதில் நான் இல்லை. இருந்தும் கேள்வியை மாற்றிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. கதவுக்குப் பின்னால் ஏழு வயதில் ஒருத்தி இருக்க, வீட்டுக்கு வந்து நாலரை வயதுப் பிள்ளையின் தலையைச் சாய்த்தேன். உன் ஒரு வருடம் தேவையே இல்லை. இதுதான் உனக்கு நான் சொல்ல வேண்டியது. பள்ளிக்காகக் கொடுத்தோம் என்றாவது நினைத்து ஆறலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

அதற்குப் பிறகு நான் வேறு மாதிரிக் கேட்கப் பழகினேன். இன்று என் பதிவேட்டில் அறுபத்திரண்டு பெயர், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பெண்கள். மத்தியானச் சாப்பாடு அதில் பாதி வேலையைச் செய்தது, அதை நான் செய்ததாகச் சொல்லக் கூடாது. ஆனால் பெண்கள் ஐந்தாவது முடித்ததும் மறுபடி பீடித் தட்டை மடியில் வைத்துக்கொள்கிறார்கள். பையன்கள் பத்தாவது, பதினொன்றாவது வரை போய், பிறகு பம்பாய்க்கோ மதராஸுக்கோ உன்னைப் போல இன்னும் வடக்கேயோ ரயில் ஏறுகிறார்கள். புளியங்குடியிலிருந்து எலுமிச்சை லாரி போவது போலத்தான். எலுமிச்சைக்காவது ஊரில் கமிஷன் மிஞ்சும். படித்தவனுக்கு இங்கே வேலை இல்லை. இங்கே இருக்கிற வேலைக்குப் படிப்பு வேண்டியதில்லை. படிக்க வை என்று சொன்ன இலாகா, படித்த பிறகு என்ன என்று சொல்லவில்லை. போன மாதம் சுகாதாரத்துக்காரர்கள் வந்து பள்ளிச் சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்துவிட்டுப் போனார்கள். பிள்ளை குறைந்தால் பள்ளியைப் பக்கத்து ஊரோடு சேர்ப்போம் என்று ஒரு இலாகா. பிள்ளையைக் குறை என்று இன்னொரு இலாகா. இரண்டு தாளும் என் மேஜையில் ஒரே கல்லின் கீழே இருக்கின்றன. இரண்டும் சரிதான். இரண்டையும் எழுதியவர்கள் ஒரு நாளாவது சேர்ந்து உட்கார்ந்து பேசினார்களா என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

எனக்கு இதையெல்லாம் பேச இங்கே ஆள் கிடையாது. வாசகசாலைப் புத்தகங்கள் தீர்ந்துவிட்டன, இரண்டாம் முறை எடுக்கிறேன். சாயங்காலம் பள்ளியைப் பூட்டிவிட்டு வந்தால் மறுநாள் திறக்கும்வரை சில நாள் என் குரலை நானே கேட்பதில்லை. குறையாகச் சொல்லவில்லை. ரயில் ஏறும்போது உனக்கு உண்மையில் பதினேழு வயது. வேலைக்குப் பதினெட்டு கேட்டார்கள், புத்தகத்தில் பதினெட்டு இருந்தது. தென்காசி ஸ்டேஷனில் வண்டி நகரும்போது இது எனக்குத் தோன்றியது. நான் கூட்டி எழுதிய ஒரு வருடம்தான் உன்னை என்னிடமிருந்து ஒரு வருடம் முன்னதாகக் கூட்டிக்கொண்டு போகிறது. நீ ஜன்னலில் கையை வைத்திருந்தாய். ஏதோ யோசனையில், வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைச் சொறிந்தாய். சின்ன வயதிலிருந்து உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. பக்கத்தில் இருக்கும் கையை விட்டுவிட்டு ஏன் இப்படிச் சுற்றிச் சொறிகிறான் என்று அப்பா சிரிப்பார். நான் சிரித்ததில்லை.

இதோடு தனித்தாள் ஒன்று வைத்திருக்கிறேன். ஜாதகத்தில் உள்ள கார்த்திகை மாதமே சரி, பள்ளிப் பதிவேட்டில் உள்ள வருடம் தலைமை ஆசிரியையான நான் தெரிந்தே மாற்றி எழுதியது, பையனுக்கோ அவன் தகப்பனார் குடும்பத்துக்கோ இதில் பங்கில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பெண்ணின் அப்பாவிடம் இதைக் கொடு. வாத்தியார் என்பதால் பதிவேட்டைத் திருத்துவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். இந்தத் தாள் எங்கள் அலுவலகத்துக்குப் போனால் எனக்கு வேலை இருக்காது என்பதும் தெரியும். அது அவர் மனது. உனக்கும் சொல்கிறேன், என்னைக் காப்பாற்றுவதற்காக இதை ஒளித்துவைத்து, ஜாதகம்தான் தப்பு என்று சொல்லிவிடாதே. ஒரு பொய் வயதோடு நீ இருபது வருடம் நடந்தது போதும். வருகிற பெண் பதினொன்றாவது வரை படித்தவள் என்று முந்தின கடிதத்தில் எழுதியிருந்தாய். அவள் வேலைக்குப் போக ஆசைப்படுகிறாளா என்று கேள். அவள் அப்பாவிடம் கேட்காதே, அவளிடம் கேள். கேட்டால்தான் சொல்வார்கள். கதவுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் தாமாக வந்து சொல்லமாட்டார்கள்.

உன் கடிதம் வந்த அன்று காலையில் பிச்சம்மாள் தன் மூன்றாவது பெண்ணைச் சேர்க்கக் கூட்டிவந்தாள். அதற்கு முந்தினவள் இரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். இதற்குக் கை எட்டவில்லை. “தலையச் சாச்சா எட்டும் டீச்சர்” என்று அவளே சாய்க்கப் போனாள். நான் அந்தப் பிள்ளையின் தலையை நேராகப் பிடித்து நிறுத்தினேன். “ரெண்டு வெரலுதானே இருக்கு” என்றாள். “ரெண்டு விரல் ஒரு வருசம் பிச்சம்மா. அடுத்த ஆனியில கூட்டிட்டு வா, நானே வந்து கேப்பேன்” என்றேன். “கேப்பியளா?” என்றாள். “கேப்பேன்” என்றேன். சிரித்துக்கொண்டு போனாள். மத்தியானம் தபால் வந்தது.

கடைசியாக ஒன்று. அந்தக் குடிக்கணக்கின்போது எல்லா வீட்டையும் முடித்துவிட்டு, நம் வீட்டுச் சீட்டுகளையும் நான்தான் எழுத வேண்டியிருந்தது. அப்பா இல்லாததால் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். பிறகு உன் சீட்டு. நீ உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். வயது என்ற இடத்தில் பள்ளிக்கூடத்து வயதை எழுதவில்லை, பதினான்கு என்று எழுதினேன். அடுத்து, குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தது. ஊரில் எந்த வீட்டிலும் அந்த இடத்தில் நான் அவ்வளவு நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்காரவில்லை. அந்தச் சீட்டு எங்கோ ஒரு அலுவலகத்தில் எண்ணப்பட்டு, கட்டப்பட்டு, இந்நேரம் கிழிந்தும் போயிருக்கும். யாரும் எடுத்துப் பார்க்க முடியாது. ஆனால் உன்னைப் பற்றி நான் எழுதிய தாள்களில் அந்த ஒன்றில் மட்டும் வயதும் சரியாக இருந்தது, உறவும் சரியாக இருந்தது. மகன் என்று எழுதியிருந்தேன்.